சேம்சைடு ஷம்ஸானின் தீர்ப்பு

அணி தோற்கிற நாளில் ஷம்ஸானின் கடையில் கல்சட்டிக்குக் கறி கூடுதலாக விழும். யேமனின் தமார் நகரத்தில் இது எல்லோருக்கும் தெரியும். பெரியவர்களின் அணி இல்லை. பதினேழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தேசியக் கால்பந்து அணி. அது எங்கோ ஒரு நாட்டில் போய்த் தோற்றுவிட்டது என்ற செய்தி வந்தால் போதும், மதியம் டாக்ஸிக்காரர்களும் கொத்தனார்களும் முட்டி மோதிக்கொண்டு வந்து பெஞ்சுகளில் இடம் பிடிப்பார்கள். இடுக்கியால் தூக்கி வைத்த சட்டி மேசைக்கு வந்த பிறகும் கொதித்துக்கொண்டிருக்கும். வெந்தய நுரையை ரொட்டியால் விலக்கினால் அடியில் கறி இரண்டு பங்கு கிடக்கும்.

"பாவம் மனுஷன். நாட்டுக்காக ஆடினவர் இல்லையா? துக்கத்தை இப்படித்தான் ஆத்திக்கிறார்" என்பார்கள்.

துக்கமெல்லாம் ஒன்றுமில்லை. அன்று அவன் மனம் நிறைந்திருக்கும். அடுப்பின் இரைச்சலுக்கு நடுவே நின்று, கேட்பவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அள்ளி அள்ளிப் போடுவான். வீட்டில் மனைவி இஷ்ராக் மட்டும் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

"தோத்துட்டாங்களா?"

"மூணு கோல்."

"உங்களுக்கு வெட்கமா இல்லையா? சின்னப் பிள்ளைங்க."

"பிள்ளைங்களுக்கு நான் என்ன கெடுதல் நினைச்சேன்? அவங்க கோச் தோக்கட்டும். பிள்ளைங்க கூட மாட்டிக்கிட்டாங்க, அவ்வளவுதான்."

அந்த அணியின் சர்வதேசக் கணக்கு முழுவதும் ஷம்ஸானுக்கு மனப்பாடம். எந்தப் போட்டியில் தகுதிச்சுற்றோடு திரும்பினார்கள், எப்போது கோல் வித்தியாசத்தில் வெளியே போனார்கள், யார் பெனால்டியை வானத்துக்கு அடித்தான் எல்லாமே. விளையாட்டை நேசிப்பவனின் நினைவு அல்ல அது. எதிரியின் வீட்டு ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் தெரிந்து வைத்திருப்பவனின் நினைவு.

அந்தக் கணக்கில் அவன் பெயரும் இருக்கிறது, ஒரே ஒரு இடத்தில்.

அப்போது அவனுக்குப் பதினாறு வயது. வளைகுடாவில் ஒரு நகரம். ஆசியப் போட்டிக்கான தகுதிச்சுற்றின் கடைசி ஆட்டம். சமன் செய்தாலே யேமன் உள்ளே போய்விடும். பின்வரிசையின் நடுவில் இரண்டு தமார்ப் பிள்ளைகள் நின்றார்கள். நான்காம் எண் கேப்டன் ராஜிஹ், ஐந்தாம் எண் ஷம்ஸான். ஒரே தெருவில் ஒரே பந்தை உதைத்து வளர்ந்தவர்கள்.

இரண்டாம் பாதியில் எதிரணியின் நெட்டையன் ஒருவனோடு இருவரும் ஒரே பந்துக்கு எகிறினார்கள். மூவரும் குவியலாக விழுந்தார்கள். ஷம்ஸானின் முழங்கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது. ராஜிஹின் புருவம் கிழிந்து ரத்தம் சட்டையை நனைத்தது. மாற்று ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஏற்கெனவே இறங்கியாகிவிட்டது. ஷம்ஸானை ஸ்ட்ரெச்சரில் தூக்கினார்கள், பத்துப் பேரோடு ஆட வேண்டியதுதான். ரத்தச் சட்டையோடு ஆடக் கூடாது என்று நடுவர் ராஜிஹைத் தடுத்தார். வேறு சட்டை இல்லை. அந்த அணி ஆளுக்கொரு சட்டையோடுதான் ஊரிலிருந்து கிளம்பியிருந்தது. ராஜிஹ் ஸ்ட்ரெச்சரை நோக்கி ஓடி வந்தான்.

"சட்டையைக் கொடுடா, சீக்கிரம்!"

ஷம்ஸான் பல்லைக் கடித்துக்கொண்டு கைகளை உயர்த்தினான். ராஜிஹ் உருவிக்கொண்டு ஓடினான்.

ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் ஓரத்திலிருந்து வந்த பந்தை ராஜிஹ் வெளியே தள்ளப் பார்த்தான். அது அவன் காலில் பட்டுத் திரும்பித் தன் வலைக்குள்ளேயே போய் விழுந்தது. அந்த நேரத்தில் ஷம்ஸான் வெற்று உடம்போடு உடைமாற்றும் அறையில் படுத்திருந்தான். முழங்காலில் பனிக்கட்டி. மைதானத்தின் கூச்சல் சுவரைத் தாண்டி வந்தது. யார் கோல் போட்டார்கள் என்று அவனுக்குத் தெரியாது.

நாட்டுக்குத் தெரிந்திருந்தது. டிவியில் காட்டாத ஆட்டம், வானொலி மட்டும்தான். எதிர்ப்பக்கத்து மேல்வரிசையில், வெயில் முகத்தில் அடிக்க, வர்ணனையாளர் எண்களைத்தான் பார்த்தார். குவியலிலிருந்து தூக்கிப் போனது கேப்டனை என்று நினைத்துக்கொண்டார். நான்காம் எண் களத்தில் இல்லையே! ஆகவே அந்தக் கடைசி நிமிடத்தில் தமார் நகரத்தின் ஒவ்வொரு கடையிலும், காத் இலை மென்றுகொண்டிருந்த ஒவ்வொரு அறையிலும் அவர் குரல் உடைந்து ஒலித்தது: "ஐந்தாம் எண்! ஷம்ஸான்! ஐயோ, நம் வலைக்குள்ளேயே அடித்துவிட்டான் ஷம்ஸான்!" போட்டியின் அதிகாரபூர்வக் கணக்கிலும் எண்ணைப் பார்த்தே எழுதினார்கள்.

திரும்பும் விமானத்தில் அணி மேலாளர் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, உன் கால் இனிமே ஆடாது. டாக்டர் சொல்லிட்டார். ராஜிஹுக்கு இன்னும் வயசு இருக்கு, அடுத்த போட்டி இருக்கு. ஊர் யாரையாவது திட்டித்தான் ஆறும். உன்னைத் திட்டிட்டுப் போகட்டுமே, உனக்கு இனிமே என்ன நஷ்டம்?"

அவர் போனதும் ராஜிஹ் வந்தான். தையல் போட்ட புருவம் வீங்கியிருந்தது.

"அடுத்த போட்டி முடியட்டும்டா. நானே ரேடியோவுல போய்ச் சொல்றேன். இது என் முகத்து மேல."

தன் முகத்தின் மேல் என்று ஒருவன் சொல்லிவிட்டால் அந்த ஊரில் அதற்கு மேல் சத்தியம் கிடையாது. ஷம்ஸான் தலையாட்டினான்.

அடுத்த போட்டி முடிந்தது. ராஜிஹ் பெரியவர்களின் அணிக்குப் போனான். ரேடியோவிலும் பலமுறை பேசினான். அதைத் தவிர எல்லாவற்றையும் பேசினான்.

பொறுத்துப் பார்த்துவிட்டு ஷம்ஸானே சொல்லத் தொடங்கினான். அதுதான் அவன் செய்த தவறு. தமார்க்காரர்கள் நகைச்சுவைக்குப் பேர் போனவர்கள், சாவு வீட்டில்கூடச் சிரிக்கக் காரணம் கண்டுபிடிப்பார்கள். "நான் அப்போ ஸ்ட்ரெச்சர்ல இருந்தேன்" என்று அவன் சொன்னது ஒரே வாரத்தில் ஊர்ப் பேச்சாகிவிட்டது. ரொட்டி கருகினால், "நான் அப்போ ஸ்ட்ரெச்சர்ல இருந்தேன்" என்றான் ரொட்டி சுடுகிறவன். பரீட்சையில் கோட்டை விட்ட பையனும் அதையே சொன்னான். ஷம்ஸான் தன்னோடு ஆடியவர்களிடம் சாட்சி கேட்டுப் போனான். "கேப்டனைக் கேளு" என்று கதவைச் சாத்தினார்கள்.

அவன் அப்பா காத் சந்தையில் இலை விற்றவர். வருகிறவன் எல்லாம் கட்டைப் பிரித்துப் பார்த்து, "இலையைக் கட்டுக்குள்ள வச்சிருக்கீங்களா, இல்ல உங்க பையன் மாதிரி வேற எங்கேயாவது போட்டுட்டீங்களா?" என்பான். ஷம்ஸான் அவரிடம் உண்மையைச் சொன்னான்.

"களத்துலயே இல்லாதவன் எப்படிக் கோல் போடுவான்?" என்றார் அவர். "அப்போ ஏன்டா வாயை மூடிக்கிட்டு வந்தே?"

அவர் தமார்ச் சந்தையை விட்டுவிட்டு மலைக்கு அந்தப் பக்கம் வேறு சந்தைக்கு இலை கொண்டுபோக ஆரம்பித்தார். அந்தப் பாதையில்தான் ஒரு மழைநாளில் வண்டி புரண்டு செத்தார். அந்தச் சாவையும் ஷம்ஸான் ராஜிஹின் கணக்கிலேயே எழுதிக்கொண்டான். அது நியாயம்தானா என்று அவன் ஒருபோதும் யோசிக்கவில்லை. வஞ்சம் வைத்திருப்பவனுக்கு எல்லா மழையும் ஒரே ஆள் பெய்ய வைத்ததுதான்.

காலம் போனது. முழங்கால் நொண்டியது. சாப்பாட்டுக் கடை வைத்தான், நன்றாகவே ஓடியது. இஷ்ராக்கைக் கட்டிக்கொண்டான். முதல் மாதத்திலேயே அவளிடம் சொன்னான். அவள் நம்பினாள். ஏன் நம்பினாய் என்று கேட்டதற்கு, "பொய் சொல்றவன் இவ்வளவு மோசமாவா கதை சொல்வான்?" என்றாள். ஊரில் அவன் பெயர் சேம்சைடு ஷம்ஸான் என்றே நிலைத்துவிட்டது. கடைக்கு வழி கேட்பவர்களுக்கும் அந்தப் பெயரில்தான் வழி சொன்னார்கள். தெருவில் பந்து உதைக்கும் பையன்கள், "இந்தப் பக்கம் அடிக்காதீங்கடா, அவர் வாங்கி உள்ள போட்டுடுவார்!" என்று கத்துவார்கள். அவனும் சிரிப்பான். தமாரில் சிரிக்கத் தெரியாதவன் வாழ முடியாது.

ராஜிஹ் ஆட்டத்தை விட்டுப் பயிற்சியாளனாகி, கடைசியில் பதினேழு வயதுப் பிள்ளைகளின் தேசிய அணிக்கே கோச்சாகி வந்தான். கறி கூடுதலாக விழ ஆரம்பித்தது அப்போதிருந்துதான். ஆனால் இந்த வருடம் அந்தப் பிள்ளைகள் தோற்கவில்லை. அண்டை நாடுகளின் கோப்பையை வென்றுவிட்டார்கள். நாடே வீதிக்கு வந்து அழுதது. போரும் பஞ்சமும் கண்ட மக்கள், கொண்டாட வேறெதுவும் கிடைக்காதவர்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஷம்ஸான் அன்று சட்டிகளில் அளந்து போட்டான்.

கோப்பையோடு ராஜிஹ் சொந்த ஊருக்கு வந்தான். திறந்த வண்டியில் அவன் நிற்க, பின்னால் அவன் குடும்பத்தார் வானத்தைப் பார்த்துச் சுட்டுக்கொண்டே வந்தார்கள். கல்யாணத்துக்கும் சுடுவார்கள், கோலுக்கும் சுடுவார்கள். மேலே போனது கீழே வரும் என்பதை அந்தச் சந்தோஷத்தில் ஒருவரும் நினைப்பதில்லை. ஒரு குண்டு கடையின் தகரக் கூரையைத் துளைத்துக்கொண்டு இறங்கி, ரொட்டி அடுப்பருகே குனிந்திருந்த ஷம்ஸானின் தம்பி ஹிஸாமின் தோளெலும்பை நொறுக்கியது. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். ராஜிஹின் தங்கை மகன் சுட்ட குண்டு அது. பார்த்தவர்கள் பலர் இருந்தார்கள், ராஜிஹின் குடும்பத்தாரும் மறுக்கவில்லை. ஆஸ்பத்திரிச் செலவை அன்றே ஏற்றுக்கொண்டார்கள்.

இரண்டு குடும்பத்துக்கும் பொதுவானவர் ஷேக் முக்பில். மறுநாள் கடைக்கு வந்து, சட்டியை வழித்துச் சாப்பிட்டு முடித்த பிறகே விஷயத்துக்கு வந்தார்.

"வியாழக்கிழமை வர்றாங்க ஷம்ஸான். துப்பாக்கிகளை உன் வாசல்ல வைப்பாங்க, மாடு கொண்டு வருவாங்க. தீர்ப்பு உன் கையில. குடும்பத்துக்குப் பெரியவன் நீதானே."

"யார் முன்னால நிக்கிறது? அந்தப் பையனா?"

"பையன் எப்படி நிப்பான்? அவங்க குடும்பத்துப் பெரியவர் கேப்டன் ராஜிஹ். அவர்தான் வைப்பார்."

ஷம்ஸான் இடுக்கியைக் கீழே வைத்தான். கைகளை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டான். ராஜிஹ் அவன் வாசலில் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு, என்ன சொன்னாலும் கட்டுப்படுகிறேன் என்று ஊர் முன் நிற்கப் போகிறான். இத்தனை வருடம் ஷம்ஸான் மனதுக்குள் எத்தனையோ விதமாகப் பழி வாங்கியிருக்கிறான். இது மட்டும் அவனுக்குத் தோன்றியதே இல்லை.

வீட்டில் ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு இருந்தது. தோளில் கட்டோடு கிடந்த ஹிஸாம், "ஒரு வண்டி கேளுண்ணே. டபுள் கேபின். இந்தத் தோளுக்கு அது ஜாஸ்தியில்ல" என்றான். அண்ணனின் பழைய கதையை அவன் முழுதாக நம்பியதுமில்லை, இல்லை என்று சொன்னதுமில்லை.

இஷ்ராக் தம்பி தூங்கும் வரை காத்திருந்தாள்.

"உங்க பேரைக் கேளுங்க" என்றாள். "ஊர் முன்னாடி, டிவி முன்னாடி, அந்தக் கோலைப் போட்டது நான்தான்னு அவர் வாயால சொல்லச் சொல்லுங்க. மாடும் வேணாம், வண்டியும் வேணாம்."

"அதைத்தான் கேக்கப் போறேன்."

அப்படித்தான் அவனும் நினைத்திருந்தான்.

புதன்கிழமை மதியக் கூட்டம் கலைந்து, ஊரே காத் மெல்ல உட்கார்ந்துவிட்ட வேளையில் ராஜிஹ் தனியாகப் பின்வாசல் வழியே வந்தான். தாடி நரைத்திருந்தது. புருவத்தின் தழும்பு அப்படியே இருந்தது. அடுப்பெல்லாம் அணைந்து, கழுவின சட்டிகள் கவிழ்ந்து கிடந்தன.

"உட்காரலாமா?"

"கடைதானே. யாரும் உட்காரலாம்."

ராஜிஹ் கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின் மேல் உட்கார்ந்தான்.

"உன்னைப் பார்க்க எத்தனையோ தடவை தெரு முனை வரைக்கும் வந்திருக்கேன்."

"முனையிலேர்ந்து இங்கே நடக்க எனக்கே முடியுது. நொண்டிக் காலோட."

"திட்டு. திட்டு வாங்கத்தான் வந்தேன்." டின்னை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். "நாளைக்குத் தீர்ப்புல அதைக் கேளுடா. நான் சொல்லிடறேன். அந்தச் சட்டையில இருந்தது நான்தான்னு எல்லார் முன்னாடியும் சொல்றேன். இனிமே என்னால தாங்க முடியல. புதுப் பிள்ளைங்க கேம்ப்புக்கு வந்ததும் அணியோட கணக்கைச் சொல்வேன், எங்கே ஜெயிச்சோம், எங்கே தோத்தோம்னு. அந்த ஒரு ஆட்டம் வந்தா தாண்டிப் போயிடறேன். வாய் வரமாட்டேங்குது. உன் பேரைச் சொல்லவும் முடியல, என் பேரைச் சொல்லவும் முடியல."

ஷம்ஸானின் நெஞ்சில் ஏதோ இளகியது. அது அவனுக்கே பிடிக்கவில்லை. இவ்வளவுதானா, கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுவானா என்றிருந்தது.

"சொல்லுவியா? மழுப்பாம?"

"மழுப்பாம. டிவிக்காரங்ககிட்டக்கூடச் சொல்லிட்டேன், நாளைக்கு ஒரு முக்கியமான விஷயம் இருக்கு, வாங்கன்னு." ராஜிஹின் முகத்தில் நிம்மதி பரவியது. பேச்சு வேகமெடுத்தது. "பிள்ளைங்களுக்கும் நல்லது பாரு. அவங்க கோச் தப்பை ஒத்துக்கிற ஆளுன்னு தெரியும். ஆசியப் போட்டிக்கு முன்னாடி இது அவங்களுக்கு ஒரு பாடமா இருக்கும். நான் இதை ரொம்ப நாளா யோசிச்சு வச்சிருக்கேன், எப்படி ஆரம்பிக்கணும், எங்கே உன் கையைப் பிடிக்கணும்னு..."

அவன் பேசிக்கொண்டே போனான். ஷம்ஸான் கேட்பதை நிறுத்திவிட்டான். நாளைய காட்சி அவன் கண்ணில் அப்படியே தெரிந்தது. ராஜிஹ் எழுந்து நின்று கண் கலங்கச் சொல்வான். கூட்டம் மூச்சை அடக்கிக் கேட்கும். அப்புறம்? என்ன மனுஷன்டா என்பார்கள். கோப்பை வென்ற கையோடு இவ்வளவு பணிவா என்பார்கள். நாடெங்கும் அந்தக் காட்சி ஓடும். உண்மை ஷம்ஸானுடையதுதான், ஆனால் அதை ராஜிஹ் அவனுக்குத் தானமாகக் கொடுப்பான். தானம் வாங்கியவன் நன்றி சொல்ல வேண்டும். களத்தில் இல்லாமலேயே ஒரு கோலை வாங்கியவன், இப்போது தன் வாசலிலேயே இன்னொன்று வாங்குவான். அப்பாவைக் கேலி செய்தவர்கள் அன்று ராஜிஹைத்தான் கட்டிப்பிடிப்பார்கள்.

பெயர் திரும்பி வரும். அதையும் அவன் மறுக்கவில்லை. பையன்கள் கத்துவது நிற்கும். இஷ்ராக் தலை நிமிர்ந்து சந்தைக்குப் போவாள். இது ஒன்றும் சின்ன விஷயமல்ல. ஆனால் ராஜிஹ் இன்றிரவு நன்றாகத் தூங்குவான். நாளையும் தூங்குவான். அதற்குப் பிறகு எல்லா இரவும்.

"என்னடா, கேக்கறியா?" என்றான் ராஜிஹ்.

"கேக்கறேன். நாளைக்கு வா."

"அப்போ கேப்பியா அதை?"

"கேப்டன், நான் என்ன கேப்பேன்னு நாளைக்குத் தெரியும். ஆனா உன் மனசுக்கு நியாயமாத்தான் கேப்பேன்."

ராஜிஹ் எழுந்து அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போனான். தொட்ட இடத்தை ஷம்ஸான் மாவுத்துணியால் துடைத்தான்.

வியாழக்கிழமை கடைத் தெரு நிறைந்துவிட்டது. ஒரு செம்மாட்டைப் பிடித்துக்கொண்டு ராஜிஹின் குடும்பத்தார் வந்தார்கள். வாசலில் விரித்த ஜமுக்காளத்தின் மேல் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக வைத்தார்கள். கடைசியாக ராஜிஹ் இடுப்பிலிருந்த குத்துவாளை உறையோடு கழற்றி வைத்தான். டிவிக்காரர்கள் காமிராவைத் தூக்கிக்கொண்டு நெருக்கினார்கள். மேல்மாடி ஜன்னலில் இஷ்ராக் நிற்பது ஷம்ஸானுக்குத் தெரியும். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஷம்ஸான், நாங்க தப்புப் பண்ணிட்டோம்" என்றான் ராஜிஹ், ஊர் கேட்க. "நீ சொல்றது சட்டம். பெரிசோ சிறிசோ, கட்டுப்படறோம்."

"ஜாமீன்?"

"நான்" என்றார் ஷேக் முக்பில். "தீர்ப்பு நடக்குதான்னு நான் பொறுப்பு. சொல்லு."

ஷம்ஸான் நொண்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

"ஹிஸாமோட தோளுக்கு நான் ஒண்ணும் கேக்கல." பின்னால் ஹிஸாம் இருமினான். "துப்பாக்கியை எடுத்துட்டுப் போங்க. மாட்டை அறுக்க வேணாம், ஓட்டிட்டுப் போங்க. வானத்துலேர்ந்து விழுந்தது, மன்னிச்சுட்டேன்."

கூட்டத்தில் ஆஹா என்றொரு முனகல் எழுந்தது. ஷேக் தலையசைத்தார். ராஜிஹ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான், வரப்போவதற்குத் தயாராக, உதடுகள் லேசாகத் திறந்தபடி.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கோச் ஒவ்வொரு தடவையும் புதுப் பிள்ளைங்களைச் சேர்க்கும்போது, கேம்ப்போட முதல் நாள், எழுந்து நின்னு அணியோட கணக்கை ஆரம்பத்துலேர்ந்து சொல்லணும். எங்கே போனோம், யார்கிட்ட தோத்தோம், யார் கோல் போட்டாங்க. ஒரு ஆட்டத்தையும் தாண்டக் கூடாது. எங்க ஆட்டம் வரும்போது, 'ஷம்ஸான் நம்ம வலைக்குள்ளேயே அடிச்சான், அதனால வெளியே வந்தோம்'னு சத்தமா சொல்லணும். கணக்குல இருக்கிறபடி. ஒரு வார்த்தை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அங்கேயும் சரி, வேற எங்கேயும் சரி. கோச்சா இருக்கிற வரைக்கும். எங்க வீட்டு ஆள் ஒருத்தன் ஒவ்வொரு தடவையும் முன்னாடி உட்கார்ந்து கேப்பான்."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு எங்கோ ஒரு டாக்ஸிக்காரன் வெடித்துச் சிரித்தான். தெரு முழுக்கச் சிரிப்பு பரவியது.

"தமார்க்காரன்டா! பாரு, தன்னையே வச்சு ஜோக் அடிக்கிறான்!"

"தோளெலும்புக்கு விலை சேம்சைடு கோலாம்! ஷேக், இந்த மாதிரித் தீர்ப்பு கேட்டிருக்கீங்களா?"

கைதட்டினார்கள். கிழவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இப்படி ஒரு பெருந்தன்மையா, அதுவும் இப்படிச் சிரிக்க வைத்தா என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சிரிக்காதவன் ஒருவன்தான். ராஜிஹின் முகத்தில் ரத்தமே இல்லை, தழும்பு மட்டும் சிவந்து நின்றது.

"ஷம்ஸான்..." ஒரு அடி முன்னால் வந்தான். "அது அப்படி இல்ல. அது நான்..."

"கேப்டன்." ஷேக்கின் கை உயர்ந்தது. அவரும் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "துப்பாக்கி கீழே கிடக்கு. இப்போ உங்களுக்குப் பேச்சு இல்ல. பெரிசோ சிறிசோன்னு நீங்கதானே சொன்னீங்க? இதைவிடச் சிறிசா யார் கேப்பாங்க?"

ராஜிஹ் வாயை மூடினான். அவன் குடும்பத்தார் எல்லோரும் அங்கே ஆயுதமின்றி நின்றார்கள். மீறினால் அந்தத் துப்பாக்கிகளுக்கு ஊரில் மதிப்பில்லை. அவன் குனிந்து குத்துவாளை எடுத்தபோது அவன் கண்கள் ஷம்ஸானுடையதைச் சந்தித்தன. ஷம்ஸான் அந்தப் பார்வையை அவசரப்படாமல், முழுதாக வாங்கிக்கொண்டான். வருடக்கணக்கில் பட்டினி கிடந்தவன் முதல் கவளத்தை மெல்வது போலிருந்தது அது.

அன்று மாலை இஷ்ராக் அவனோடு பேசவில்லை. மறுநாள் பேசினாள்.

"கையில கொடுத்தாங்க உங்க பேரை. வேணாம்னுட்டீங்க."

"அவன் கொடுக்கிறது எனக்கு எதுக்கு?"

"எனக்கு வேணும். என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? சேம்சைடு பொண்டாட்டின்னு கூப்பிடறது உங்களையா, என்னையா?"

அதற்கும் அவனிடம் பதில் இல்லை. அப்பா கேட்டதற்கும் இல்லாததைப் போலவே. ஆனால் அவன் வருத்தப்பட்டதாகச் சொன்னால் அது பொய். அந்த வாரம் முழுக்கச் சட்டிகளில் கறி நிறைந்தே விழுந்தது. தீர்ப்பின் சந்தோஷம் என்று எண்ணி ஊர் சாப்பிட்டது. இந்த முறை ஊர் நினைத்தது சரிதான்.

ஆசியப் போட்டிக்குப் புதுப் பிள்ளைகளை எடுத்தபோது தலைநகரத்தில் கேம்ப் தொடங்கியது. தோள் தேறிய ஹிஸாம் சாட்சியாகப் போனான். முன்வரிசையில் நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து உட்கார வைத்தார்களாம், அவனுக்குப் பெருமை தாளவில்லை. பேச்சு தொடங்கியதும் அண்ணனைக் கூப்பிட்டுவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டான். ஷம்ஸான் வீட்டில் பாயில் உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டினான். இஷ்ராக் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எழுந்து போகவில்லை.

ராஜிஹின் குரல் தெளிவாகவே வந்தது. முதல் போட்டி, முதல் தோல்வி, ஒரு சமன், இன்னொரு தோல்வி. ஒப்பிப்பது போலச் சொல்லிக்கொண்டே வந்தவன் அந்த ஆட்டத்தின் இடத்தில் நின்றான். போனில் வெறும் இரைச்சல். யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

"...ஷம்ஸான்," என்றது குரல். மறுபடி நின்றது. "ஷம்ஸான் நம்ம வலைக்குள்ளேயே அடிச்சான். அதனால வெளியே வந்தோம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். முதலில் ஒருவன் மூக்கால் சிரித்தான், பிறகு அறை முழுவதும். பதினாறு வயதுச் சிரிப்பு, அதில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை.

இஷ்ராக்கின் கை துணியில் நின்றது. "உங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறாங்க" என்றாள் மெதுவாக.

ஷம்ஸான் போனைக் காதோடு அழுத்தினான்.

"ஹிஸாம், அவன் சிரிச்சானா?"

"யாருண்ணே, கோச்சா?" ஹிஸாம் குசுகுசுத்தான். "இல்லண்ணே. தண்ணி கேட்டார். குடிக்கவும் இல்ல, கிளாஸை அப்படியே வச்சுக்கிட்டு நிக்கிறார். உடம்பு சரியில்ல போலிருக்கு."

"கை நடுங்குதா பாரு."

"தூரத்துல இருக்கேன்ணே, தெரியல... ஆமா, தண்ணி ஆடுது."

இஷ்ராக் மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஷம்ஸான் பாயில் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டான்.

"சரி. அடுத்த கேம்ப் எப்போன்னு கேட்டு வச்சுக்கோ."